குடும்பப் பெயராகப் 'பண்டாரவன்னியன்'?

கேள்வி: பிறந்த மகனுக்கு என் பெயருக்குப் பதிலாக, குடும்பப் பெயராகப் 'பண்டாரவன்னியன்' வைக்கலாமா? – வாசகர், முள்ளியவளை

பதில்: வைக்கலாம். 1803இல் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னி மன்னரின் பெயர், கம்பீரத்துக்குக் குறைவில்லை. சிக்கல் ஆங்கிலத்தில்தான். 15 எழுத்து வரும். 'வ'வுக்கு ஒருவர் 'வீ' போடுவார், இன்னொருவர் 'டபிள்யூ'. 'னி'க்குப் பின்வரும் 'வை' (Y) எழுத்தைச் சிலர் விட்டுவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் வேறொன்று என்றால் பிள்ளை பிறகு சத்தியக்கடதாசியோடு அலைய வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டலை இப்போதே தாளில் எழுதிவைத்து, 42 நாளுக்குள் பதிவாளரிடம் போங்கள். கையெழுத்திடுமுன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தகப்பன் பெயர் சான்றிதழில் தனியாக இருக்கும், கவலை வேண்டாம். சுருக்கி 'வன்னியன்' என்றால் நம்மூரில் அது வன்னி மண்ணின் பெயர். தமிழ்நாட்டில் சாதிப்பெயராகக் கேட்கும்.