கேள்வி கேட்க ஏன் தயக்கம்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மனநல விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம். மருத்துவர் ஒரு மணி நேரம் பேசினார். 'சந்தேகம் கேளுங்கள்' என்றதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன்?

பதில்: கையைத் தூக்கினால் 'வீட்டில் யாருக்கு?' என்று பக்கத்து நாற்காலி திரும்பிப் பார்க்குமே! வந்ததும் எல்லோருக்கும் துண்டுச்சீட்டு கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் வெற்றுச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டும். அப்போதுதான் எழுதியவர் யாரென்று தெரியாது. மருத்துவருக்கு 20 நிமிடம் போதும். மீதி நேரத்தில், சிகிச்சை பெற்றுத் தேறிய ஒருவரைப் பேசவையுங்கள்; ஒதுக்கும் மனப்பான்மையை அதுதான் அதிகம் கரைக்கும். எதைச் சொல்வது என்பது அவர் விருப்பம். படம் எடுக்காதீர்கள். மனநோயை 'மூளைக் கோளாறு' என்று மட்டும் விளக்கினால் நோயாளி மீதான பழி குறையும்; ஆனால் 'இது தேறாது' என்ற எண்ணம் வலுக்கும். தற்கொலை பற்றிப் பேச்சு வந்தால் முறையை விவரிக்கக் கூடாது. அருகில் எங்கே, எந்தக் கிழமை மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்ற தாளை எல்லோர் கையிலும் கொடுத்தனுப்புங்கள்.