ஆண்டின் நடுவே எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே வினாத்தாளில் இடைக்கால மதிப்பீடு நடத்தினால் வகுப்பறைக் கற்பித்தல் மேம்படுமா?

மேம்படும். ஆனால் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்ற விவரம் அந்த வாரத்துக்குள் ஆசிரியர் கைக்கு வந்துசேர வேண்டும். வெறும் மதிப்பெண் பட்டியல் வந்தால் பிள்ளைகளுக்கு இன்னொரு தேர்வு, எங்களுக்கு இன்னொரு பதிவேற்ற வேலை. குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நல்ல வினா எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கழித்தல் கணக்கே போதும். 503-லிருந்து 278-ஐக் கழிக்க வேண்டும். கொடுக்கப்பட்ட விடைகள் 225, 375, 235, 781. சரியான விடை 225. 375-ஐக் குறித்த பிள்ளை, மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்று பாராமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 235-ஐக் குறித்த பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் பூஜ்யம் வந்ததும், அங்கே வந்த பத்திலிருந்து ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொடுத்ததை மறந்துவிட்டது. 781-ஐக் குறித்த பிள்ளை குறியைக் கவனிக்காமல் கூட்டியிருக்கிறது.

மதிப்பெண் பட்டியலில் மூன்று பேருக்கும் பூஜ்யம்தான். வகுப்பிலோ மூவருக்கும் மூன்று விதமான வேலை இருக்கிறது. முதல் பிள்ளையை ஈர்க்குச்சிக் கட்டுகளோடு உட்காரவைத்து இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு நடுவில் பூஜ்யம் வரும் கணக்குகள் நான்கைந்து கொடுத்தால் போதும். மூன்றாவது பிள்ளையிடம் குறியைச் சுட்டிக்காட்டினாலே தீர்ந்தது.

375 எழுதிய ஒரு சிறுமியிடம், எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “பெரிய எண்ணிலிருந்துதானே டீச்சர் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்?” என்றாள். ஓரிலக்கக் கணக்குக்காகக் கற்ற விதியை அவள் அப்படியே இங்கேயும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை முறை சிவப்பு மையால் சுழித்தாலும் அந்த விதி அவளை விட்டுப் போகாது.

நம் மாநிலத்துக்கு இது புதிதல்ல. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்தே கற்பிக்கிறோம். கற்பிக்கும் போக்கிலேயே அளந்து பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கும் பழகியிருக்கிறோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 2019-இல் சட்டம் இயற்றி, ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் மதிப்பீட்டை 2022-23 கல்வியாண்டில் முன்னோட்டமாகத் தொடங்கியது. புளோரிடா அதே கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் மூன்று முறைத் தேர்வுக்கு மாறிவிட்டது. முன்னோட்டம் பார்த்துவிட்டுப் பரப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

குமரி மாவட்டத்தில் முன்னோட்டம் நடத்துவதானால் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பள்ளிகளோடு நிறுத்திவிடக் கூடாது. குளச்சல் கடற்கரைப் பள்ளி ஒன்று, பேச்சிப்பாறை மலைப்பகுதிப் பள்ளி ஒன்று, கேரள எல்லையோரம் மலையாளவழிப் பள்ளி ஒன்று கட்டாயம் வேண்டும். கணக்குத் தெரிந்தும் வினாவின் மொழி புரியாமல் விட்டுவிடும் பிள்ளை எது என்பது அங்கேதான் தெரியவரும். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே தாளில் எழுதி ஆசிரியரே அன்றைக்கே திருத்திக்கொள்ள வழி விட வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை தரவரிசை. 2022 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதே ஓட்டத்தை இடைக்கால மதிப்பீட்டுக்கும் கொண்டுவந்து, பள்ளிவாரியாகச் சராசரி போட்டுக் கூட்டத்தில் வாசித்தால், மறுவாரமே மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்யவைக்கும் வேலை தொடங்கிவிடும். பிறகு அந்தத் தாளிலிருந்து எந்தப் பிள்ளையைப் பற்றியும் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்று, மதிப்பீடு முடிந்த கையோடு அடுத்த பாடத்துக்கு ஓடச் சொல்லக் கூடாது. மறுபடி கற்பிக்க ஒரு வாரமாவது பாடத்திட்டத்திலேயே ஒதுக்கித் தர வேண்டும். அது முடிந்து சில வாரங்கள் கழித்து, 704-லிருந்து 386-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பு 375 எழுதியவர்களில் எத்தனை பேர் இப்போது 318 எழுதுகிறார்கள், எத்தனை பேர் இன்னும் 482 எழுதுகிறார்கள்? முன்னோட்டம் பலித்ததா என்று பார்க்க மாவட்ட அலுவலகம் எங்களிடம் கேட்க வேண்டிய கணக்கு இதுதான்.