ஒரே மைக், நாலு எழுத்தாளர்: மேடை குறித்த கேள்விகளும் பதில்களும்

இருபது வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். எழுதிய கதைகளைவிட ஏறிய மேடைகள் அதிகம். சக எழுத்தாளர்களோடு அமர்வில் பேசுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில்.

பெரம்பலூர் வாசகர்: புத்தகத் திருவிழா ஒன்றில் மூன்று எழுத்தாளர்களோடு முதல்முறையாகப் பேசப்போகிறேன். ஆளுக்கு 15 நிமிடம். எப்படித் தயாராவது?

முதலில் அந்த மூவர் எழுதியதில் ஆளுக்கு ஒரு புத்தகமாவது படியுங்கள். உங்கள் பேச்சைத் தயார் செய்வது அதற்கப்புறம். பக்கத்து நாற்காலிக்காரரை ஒரு வரிகூடப் படிக்காமல், ‘அண்ணனின் எழுத்து நாம் அறிந்ததே’ என்று சமாளிப்பவர்கள் நம்மில் அநேகம். கூட்டம் கண்டுபிடித்துவிடும். அண்ணன் அதற்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்.

அடுத்தது நேரம். நான் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல் வருகிறது. அதற்காக 1,500 சொல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். 1,000 போதும். மைக் கோளாறு, கைதட்டல், நடுவில் யாராவது முக்கியஸ்தர் வந்து எல்லோரும் எழுந்து நிற்பது, இதெல்லாம் மிச்சத்தைத் தின்றுவிடும்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மாவட்டப் புத்தகத் திருவிழாவில் சிறுகதை பற்றி நாலு பேர் பேசினோம். நான் மூன்றாவது. கூட்டம் சிரித்தது, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ‘நேரம் முடிந்தது’ என்று துண்டுச் சீட்டு வந்தது. அதைத் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் செருகிவிட்டு இன்னொரு சம்பவத்தை ஆரம்பித்தேன். மொத்தம் 28 நிமிடம். கடைசியாகப் பேச இருந்தவர் முதல் தொகுப்பு வெளியிட்டிருந்த பெண். மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்து நிற்க, அவருக்குக் கிடைத்தது 4 நிமிடம். கையில் மூன்று தாள், இருபுறமும் நெருக்கி எழுதியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். ஒரு பத்தி அளவு பேசினார், உட்கார்ந்தார். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

தேனி வாசகர்: மேடை ஏறினால் கால் நடுங்குகிறது. என்ன செய்ய?

எனக்கும் நடுங்கும். முதல் நாலு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தாளைக் கையில் பிடிக்காதீர்கள், அது நடுக்கத்தை மைக்கில் போட்டுக் காட்டிவிடும். மேசை மேல் வையுங்கள்.

ஈரோடு வாசகர்: எங்கள் ஊரில் ஒருவரே ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசுகிறார், கூட்டம் அசையாமல் கேட்கிறது. நீங்கள் 15 நிமிடத்துக்கே இப்படிப் பயமுறுத்துகிறீர்களே?

அது சொற்பொழிவு. ஈரோட்டில் 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் புத்தகத் திருவிழாவில் மாலைக் கூட்டம் வருவது அந்த ஒருவரைக் கேட்கத்தான். அமர்வு வேறு. 2022 நவம்பரில் திருநெல்வேலியில் நடந்த பொருநை இலக்கியத் திருவிழா மாதிரி ஒரே நேரத்தில் பல அரங்குகள் நடந்தால், பிடிக்காதவர் எழுந்து அடுத்த அரங்குக்குப் போய்விடுவார். நீங்கள் விரட்டிய ஆள் உங்களுக்கு அடுத்துப் பேசுபவருக்கும் சேர்த்து நஷ்டம்.

கும்பகோணம் வாசகர்: மேடையில் இருக்கும் எல்லோரையும் பெயர் சொல்லி விளிப்பது அவசியமா?

கணக்குப் போடுவோம். மேடையில் 8 பேர். ஒவ்வொருவரும் மற்ற 7 பேரை அடைமொழியோடு விளிக்க ஆளுக்கு 20 விநாடி. ஒரு பேச்சாளருக்கு 140 விநாடி, எட்டுப் பேருக்கு 1,120. கிட்டத்தட்ட 19 நிமிடம். ஒரு முழு எழுத்தாளர் பேசியிருக்கலாம். ‘அவையோருக்கு வணக்கம்’ போதும்.

கும்பகோணம் வாசகர், மறுபடியும்: இது நம் மரபையே கேலி செய்வது. கம்பரே அவையடக்கம் பாடித்தான் தொடங்கினார்.

சரி, கம்பரிடமே போவோம். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனை என்று தன்னைச் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்ப் பட்டியலையா வாசித்தார்? அவையடக்கத்தில் அடங்குவது பேசுகிற ஆள்.

கும்பகோணம் வாசகர்: தன்னை ஆதரித்த சடையப்ப வள்ளலைக் கம்பர் பாடவில்லையா?

பாடினார். 100 பாட்டுக்கு ஒருமுறை என்று இருந்ததை 1,000 பாட்டுக்கு ஒருமுறை என்று குறைத்ததாகத்தான் கதை. அந்த விகிதம் எனக்குச் சம்மதம்.

மன்னார்குடி வாசகர்: நான் கும்பகோணத்தார் பக்கம். பெயர் சொல்லாவிட்டால் அமைப்பாளர் முகம் வாடிவிடுகிறது. ஊர் ஊராகப் பணம் திரட்டி, நாற்காலி போட்டு, நோட்டீஸ் ஒட்டியவர் அவர்.

இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நாற்காலி போட்டவரின் பெயரைச் சொல்லுங்கள், அவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘இலக்கியச் சிகரம், சொல்லின் இமயம்’ வகையறாவை நிறுத்தலாம். இமயங்கள் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

விருதுநகர் வாசகர்: மேடை நடுக்கத்துக்கு என்ன வழி?

தேனிக்காரருக்குச் சொன்னதுதான்.

நாகர்கோவில் வாசகர்: நான் சொல்ல வைத்திருந்ததை எனக்கு முன் பேசியவரே சொல்லிவிட்டால்?

நல்ல கேள்வி. ‘எனக்கு முன் பேசியவர் சொன்னதைப் போல’ என்று ஆரம்பித்து அதையே மறுபடி சொல்லாதீர்கள். அவர் சொன்னதில் எந்த இடத்தில் உங்களுக்கு உடன்பாடில்லை என்று பாருங்கள், அங்கிருந்து தொடங்குங்கள். இதற்கு அவர் பேசும்போது கேட்டிருக்க வேண்டும். நாம் அந்த நேரத்தில் நம் குறிப்பைத் திருத்திக்கொண்டிருப்போம், அல்லது போனைப் பார்ப்போம். மேடையில் இருப்பவரின் போன் வெளிச்சம் கடைசி வரிசை வரை தெரியும்.

பொள்ளாச்சி வாசகர்: பட்டிமன்றம் மாதிரி சக எழுத்தாளரை மடக்கலாமா?

அங்கே அணி பிரித்துச் சொல்லிவிட்டு மோதுகிறார்கள். இங்கே முன்னறிவிப்பு இல்லாமல் மடக்கினால் அடி.

சிவகாசி வாசகர்: சன்மானம் கேட்கலாமா?

அழைக்கும்போதே கேளுங்கள். பயணச்செலவையாவது.

அரியலூர் வாசகர்: என் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை தருவீர்களா?

மாட்டேன். கவிஞரைக் கேளுங்கள்.

கரூர் வாசகர்: மேடையில் கைகால் உதறுகிறது...

ஐயா, இது மூன்றாவது. மேலே இருக்கிறது.

திண்டுக்கல் வாசகர்: அந்தப் பெண் எழுத்தாளரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டீர்களா?

ஒரு வருடம் கழித்து, வேறொரு ஊர்ப் பேருந்து நிலையத்தில். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மென்று விழுங்கிச் சொன்னேன். சிரித்தார். “அந்த மூணு தாளை அப்பவே கட்டுரையாக்கிப் பத்திரிகையில் போட்டாச்சே சார், நீங்க படிக்கலையா?” என்றார்.

படித்திருக்கவில்லை.