கேள்வி – பதில்: ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் 513 ஆன கணக்கு

கேள்வி: இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் விலைவாசி எல்லோருக்கும்தானே ஏறியது? தேயிலைத் தோட்டத் தொழிலாளி மட்டும் ஏன் இவ்வளவு அடிபட்டார்? (ஹட்டன் வாசகர்)

விலை எல்லோருக்கும் ஏறியது, சம்பளம் அப்படி ஏறவில்லை. அரச ஊழியருக்கு 2022 ஜனவரியிலேயே மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவு வந்தது. தோட்டத்து நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் 1,000 ஆகி, 2024 வரை அங்கேயே நின்றது.

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி ஓராண்டுப் பணவீக்கம் சுமார் 70 வீதம், உணவுக்கு மட்டும் 95 வீதம். அந்த ஆயிரத்தின் பெறுமதியை ஓராண்டுக்கு முந்தைய விலையில் பார்க்க, 1,000ஐ 1.70ஆல் வகுத்தால் 588. ஆனால் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சம்பளத்தின் பெரும்பகுதி அரிசி, கோதுமை மா, பருப்புக்கே போகிறது. ஆகவே 1.95ஆல் வகுப்பதுதான் நியாயம்: 513 ரூபாய். சாப்பாட்டுக்குக் கொஞ்சமும் மற்றதற்கு மிச்சமும் செலவழிப்பவருக்கு இதே நெருக்கடி வேறு அளவில் வலிக்கும்.

அந்த ஆயிரமும் முழுதாகக் கைக்கு வந்ததா? 2021 மே மாத இரசாயன உரத் தடை அந்த ஆண்டுக்குள்ளேயே நீங்கினாலும், தழைச்சத்து இல்லாத தேயிலைச் செடி உடனே தளிர்த்துவிடாது. 2021இல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாக இறங்கியது. மலையில் கொழுந்து இல்லை, தோட்டம் நாளுக்குக் கேட்கும் நிறையோ குறையவில்லை. 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் 13 கிலோ எடுத்தவருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தால் 500 ரூபாய்தான். அதன் பெறுமதி 256.

அதே ஆண்டு ரூபாய் சரிந்ததால் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை ஏறக்குறைய இரட்டித்தது. விளைச்சல் குறைந்தும் விற்றவருக்கு ஈடு கிடைத்தது. பறித்தவருக்கு இல்லை.

கேள்வி: நெருக்கடியிலும் சராசரிச் சம்பளம் கூடியதாகப் புள்ளிவிவரம் காட்டுகிறதே, பொய்யா?

பொய்யில்லை, ஆனால் ஏமாற்றும். ஒரு நிறுவனத்தில் ஆறு பேருக்கு 20,000, நான்கு பேருக்கு 60,000. சராசரி 36,000. ஆறு பேரில் ஐவரை நிறுத்தினால் சராசரி 52,000! ஒருவருக்கும் ஒரு சதம் கூடவில்லை. அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் இதுதான் நடந்தது. இரண்டு கோடிக்கும் மேல் வேலைகள் போயின, அவற்றில் ஏராளமானவை குறைந்த சம்பள உணவகம், கடை, விடுதி வேலைகள். சராசரி மணிச்சம்பளமோ ஒரே மாதத்தில் ஒரு டொலருக்கு மேல் தாவி 30 டொலரைத் தொட்டது. எனவே சராசரியை விட்டு மொத்தச் சம்பளத் தொகையைப் பாருங்கள். நமது உதாரணத்தில் அது 3,60,000இலிருந்து 2,60,000 ஆகிறது. தலைக்கணக்கும் வேலை மணிநேரமும் கூடவே தெரிய வேண்டும்.

கேள்வி: சேமலாப நிதி இருப்பவர் தப்பித்தாரா?

அரைகுறையாக. ஓய்வுக்காலத்துக்கான சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி 2022க்கு 9 வீத வட்டி தந்தது. 100 ரூபாய் 109 ஆனது. 2021 டிசம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் அடுத்த டிசம்பரில் சுமார் 157. அதாவது மிஞ்சியது 69 ரூபாய்ப் பெறுமதி. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் இந்த நிதியிடம் இருந்த திறைசேரி முறிகளும் (அரசுக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்கள்) நீண்ட தவணை கொண்ட புதிய முறிகளாக மாற்றப்பட்டன. சேராவிட்டால் நிதியின் வருமான வரி 14 வீதத்திலிருந்து 30 ஆகும் என்ற நிபந்தனையோடு! வங்கிகளின் முறிகள் வெளியே விடப்பட்டன. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். நாட்கூலிக்குப் போகும் மேசன், கடைப் பையன், வீட்டு வேலை செய்யும் பெண் பலருக்கு அந்த 69 ரூபாயும் கிடையாது.