இங்கிலாந்தில் ஆற்றங்கரை வாழ்க்கையைப் பார்க்க எந்த ஆற்றுக்குப் போகலாம்? தேம்ஸ் மட்டும் போதுமா?

போதாது என்பதே என் பதில். லண்டனுக்கு வரும் உறவினர்களைத் தேம்ஸில் ஒரு படகுச் சவாரிக்கு அழைத்துப்போய், இங்கிலாந்தின் ஆறு இவ்வளவுதான் என்று அனுப்பிவைக்கும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்தலாகவே இருக்கிறது. உங்கள் கையில் சில நாள்களாவது விடுமுறை இருக்கும் என்று எண்ணிக்கொண்டு சொல்கிறேன்: செவர்ன் ஆற்றுக்குப் போங்கள், அதிலும் குளோஸ்டர் நகரைத் தாண்டிக் கடல் பக்கமாக உள்ள சிற்றூர்களுக்குப் போங்கள். குளோஸ்டரில் குடியிருப்பவன் என்பதால் ஊர்ப்பாசத்தில் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். பாசம் இருப்பது உண்மை, காரணமும் இருக்கிறது.

செவர்ன் வேல்ஸ் நாட்டு ஆறல்லவா என்று திருத்த வருவோரும் உண்டு. வேல்ஸின் பிளின்லிமான் மலையில்தான் அது பிறக்கிறது. ஆனால் அதன் 354 கி.மீ. ஓட்டத்தின் பெரும்பகுதி ஷ்ராப்ஷயர், வூஸ்டர்ஷயர், குளோஸ்டர்ஷயர் ஆகிய ஆங்கில மாவட்டங்களில்தான் கழிகிறது. 1779-இல் எழுந்த புகழ்பெற்ற இரும்புப் பாலமும் இந்த ஆற்றின் மேல்தான் நிற்கிறது. அதைப் பற்றி எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பற்றி. செவர்ன் கழிமுகத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் 14 மீட்டரைத் தொடும். உலகிலேயே மிக அதிகமான அளவுகளுள் இதுவும் ஒன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில், புனல் போலக் குறுகிக்கொண்டே வரும் கழிமுகத்தில் நெருக்குண்ட கடல்நீர், ஆழமும் குறைவதால் ஒற்றை அலையாக எழும்பி, ஆற்றை எதிர்த்து உள்நாட்டுக்குள் ஏறிவருகிறது. இதுவே 'செவர்ன் போர்' (Severn Bore) எனப்படும் ஓதப் பேரலை. 1955-இல் ஜாக் சர்ச்சில் என்ற ராணுவ அதிகாரி இதன்மேல் பலகை வைத்துச் சறுக்கியதிலிருந்து அலைச்சறுக்கு வீரர்களும் வருகிறார்கள்.

மின்ஸ்டர்வொர்த் தேவாலயத்தை அடுத்த கரையில் இதைப் பார்த்திருக்கிறேன். அலைக்கு முன்பு ஆறு கலங்கிய பழுப்பு நிறத்தில், முறிந்த கிளைகளைச் சுமந்தபடி, கடலை நோக்கி அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். முதலில் இரைச்சல்தான் கேட்கும். பிறகு கரைக்குக் கரை நீண்ட ஒரு நீர்மடிப்பு ஆற்றின் வளைவில் திரும்பி வரும், இரு ஓரங்களிலும் சேற்றுக்கரையில் மோதி உடையும். அது கடந்ததும் பெரும்பாலோர் காரை நோக்கிக் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் பார்க்கவேண்டியது அதன்பிறகுதான். ஆறு முழுவதும் திசை மாறி, சற்றுமுன் கீழே போன கிளைகளையே மேல்நோக்கி இழுத்துக்கொண்டு நெடுநேரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்த ஓதத்தோடுதான் விலாங்குக் குஞ்சுகளும் வருகின்றன. அட்லாண்டிக்கின் மறுபக்கத்தில், சர்காசோ கடலில் பிறந்து, கண்ணாடி போலத் தெளிந்த உடலோடு வசந்த காலத்து இரவுகளில் கரையோரமாக மேலேறும். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இளமையில் அதைப் பிடித்தவர். நீண்ட கழியில் கட்டிய தொட்டில் போன்ற வலையை, வாய் கடல் பக்கம் பார்த்திருக்குமாறு நீரில் அமிழ்த்தி, விளக்கொளியில் தூக்குவார்களாம். பிடித்ததைப் பன்றிக்கொழுப்பில் வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி உண்பது இப்பகுதியின் பழைய உணவு. இப்போது ஐரோப்பிய விலாங்கு மிகவும் அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டுள்ளது. உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பிடிக்கலாம். பிரெக்சிட்டுக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்துச் சந்தையும் மூடிவிட்டது.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். விலாங்கு குறைந்ததற்கு வலை போட்டவர்களை மட்டும் குற்றம் சாட்டுகிறார்கள். மீன் ஏறும் வழியை மறிக்கும் தடுப்பணைகளைப் பற்றியோ, வற்றடிக்கப்பட்ட சதுப்பு நிலங்களைப் பற்றியோ, கனமழை நாள்களில் சுத்திகரிக்காத கழிவுநீரை ஆறுகளில் திறந்துவிட இந்நாடு அனுமதிப்பதைப் பற்றியோ அதே குரலில் பேசுபவர்கள் குறைவு. மீன்பிடிப்பை முற்றிலும் அனுமதிக்கவேண்டும் என்று நான் வாதாடவில்லை. பழியைச் சரியாகப் பங்கிடவேண்டும் என்கிறேன்.

வெள்ளமும் இங்குள்ள வாழ்க்கையின் பகுதிதான். வூஸ்டர் பேராலயத்தில், ஆற்றுக்கு இறங்கும் வாயிலின் சுவரில் 1770, 1947 ஆண்டுகளின் வெள்ளக் கோடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 2007 ஜூலையில் டூக்ஸ்பரி அருகே குடிநீர் நிலையமே மூழ்கி, சுமார் 3,50,000 பேர் குழாய்நீர் இல்லாமல் தவித்தார்கள்.

போவதானால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையோ, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையோ போங்கள். ஆண்டுதோறும் வெளியாகும் அலை அட்டவணையைப் பார்த்த பிறகே அறை பதிவு செய்யுங்கள். பெரிய அலைகள் காலை 7 மணிக்கும் நண்பகலுக்கும் இடையிலோ, இரவு 7 மணிக்குப் பிறகோதான் வரும். குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே கரைக்குப் போய்விடுங்கள். குழந்தைகளைச் சேற்றுச் சரிவிலோ தாழ்ந்த படிகளிலோ நிற்க விடாதீர்கள், அலை கடந்த பின்னும் நீர் விரைவாக ஏறும்.