ஒவ்வாமை, தொற்று, அரிய தோல் நோய்: டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்து, மூச்சும் வாங்கினால் முதலில் அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். தொண்டை வீக்கத்தையும் ரத்த அழுத்தம் சரிவதையும் தடுக்க அட்ரினலின் ஊசிதான் வேண்டும். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள் போட வேண்டும். பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொன்று. ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும். "இப்போ பரவாயில்லை" என்று எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். சட்டென்று எழுந்ததில் இறந்தவர்கள் உண்டு. சரியானது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம்.

கேள்வி: அட்ரினலினை வெற்று ஊசியோடு ஒப்பிட்டு ஆய்வு செய்திருக்கிறார்களா?

மூச்சு அடைத்துக் கிடப்பவருக்கு வெறும் உப்புநீரைப் போட எந்த டாக்டருக்கு மனம் வரும்? 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூக்கு ஸ்பிரேயைக்கூட நல்ல உடல்நிலையில் இருந்தவர்களிடம்தான் சோதித்தார்கள். ரத்தத்தில் மருந்து ஊசிக்கு இணையாக ஏறுகிறதா என்று அளந்தார்கள்.

கேள்வி: தொட்டாலே கொப்புளமாகும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசாவுக்கு ஒரு ஜெல் வந்திருக்கிறதாம். ஆய்வில் 31 பேர்தானாம். இதை எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஆய்வை எப்படி நடத்தினார்கள் என்றும் பாருங்கள். இந்த நோயின் டிஸ்ட்ரோபிக் வகையில், மேல்தோலையும் அடித்தோலையும் தைத்து வைக்கும் நூல் போன்ற கொலாஜன் 7 சரியாக உருவாவதில்லை. ஒருவர் புண்ணை இன்னொருவர் புண்ணோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. அதனால் ஒரே நோயாளியிடம் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு புண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றுக்கு அந்தக் கொலாஜனை உருவாக்கும் மரபணு கலந்த ஜெல், மற்றதற்கு மரபணு இல்லாத ஜெல். எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. 6 மாத முடிவில் மருந்திட்ட புண்களில் 67 சதவீதம் முழுமையாக ஆறின. மற்றவற்றில் 22 சதவீதம். அமெரிக்க அனுமதி 2023-ல் கிடைத்தது.

மரபணுவைச் சுமந்து போவது எது தெரியுமா? உதட்டில் கொப்புளம் வரவைக்கும் அதே ஹெர்பிஸ் வைரஸ், பெருக முடியாதபடி மாற்றப்பட்டது! அது நம் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்வதில்லை. அதனால் பலன் நிரந்தரமல்ல, ஜெல்லைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

கேள்வி: கோவிட்டில் ஸ்டீராய்டு உயிர் காத்ததே, சாதாரணக் காய்ச்சலுக்கும் எடுக்கலாமா?

வேண்டாம். 2020-ல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் பலன் கிடைத்தது ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: வலிப்புக்கு கார்பமசெபின் எழுதியிருக்கிறார்கள். தோல் உரியும் என்று பயமுறுத்துகிறார்கள்.

அரிதாக நடக்கும். எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். தைவானில் 4,877 பேரை முன்கூட்டியே பரிசோதித்து, அது இருந்தவர்களுக்கு இந்த மாத்திரையைத் தவிர்த்தார்கள். ஒருவருக்குக்கூடத் தோல் உரியவில்லை. 2011-ல் வெளிவந்த ஆய்வு இது. உங்களுக்கு அந்தப் பரிசோதனை தேவையா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். பயந்து நீங்களாக நிறுத்தினால் வலிப்பு திரும்பும். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு என்று வந்தால் அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.