பழைய பெல்ட் சாண்டரை வாங்கும் முன்

அன்புள்ள ஐயா,

நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். அரமும் வைஸும் மட்டும் வைத்துக்கொண்டு, லொறி வில்லுத்தகட்டில் ஒரு சமையல் கத்தி செய்து முடித்தேன். இருபக்கச் சரிவையும் அராவி எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது. இப்போது ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பெல்ட் சாண்டர் ஒன்று, அதாவது ஓடும் மணல்தாள் பட்டியில் தேய்க்கும் இயந்திரம், விலைக்கு வந்திருக்கிறது. அதன் தகட்டில் 100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 400 வொட் என்று இருக்கிறது. மின்மாற்றியும் சேர்த்துத் தருவதாக விற்பவர் சொல்கிறார். வீட்டின் பின் விறாந்தையில் வைக்க நினைக்கிறேன். வாங்கலாமா?

ர.

அன்புள்ள தம்பி,

வாங்க வேண்டாம். மின்மாற்றி நமது 230 வோல்ட்டை 100 ஆக இறக்கிக் கொடுக்கும். ஹெர்ட்ஸை அது தொடாது. இங்கே வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். 60-க்கு மட்டுமென்று செய்த இண்டக்ஷன் மோட்டார் அதில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றும். கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். தொடர்ந்து வேலை வாங்கினால் சுருள் எரிந்துபோகலாம். ஜப்பானில் டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாக்கா இருக்கும் மேற்குப் பகுதியில் 60. இரண்டு இடங்களிலும் ஓடும்படி செய்த இயந்திரங்களின் தகட்டில் 50/60 என்று பொறித்திருப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால், மோட்டாரின் வொட் அளவைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாத மின்மாற்றியோடு ஓட்டலாம். ஆனாலும் 230 வோல்ட் ஒற்றைக் கட்ட மோட்டார் உள்ளதைத் தேடுவதே உங்களுக்கு நல்லது.

உங்கள் கடிதத்தில் பெல்ட்டின் அளவு இல்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். கத்தி செய்பவர்கள் உலகெங்கும் அதிகம் விரும்புவது 50 மில்லிமீற்றர் அகலமும் 1830 மில்லிமீற்றர் சுற்றளவும் கொண்ட பெல்ட். இரண்டுக்கு எழுபத்திரண்டு அங்குலம் என்பார்கள். சிறிய மேசை இயந்திரங்களில் 25க்கு 762, மரவேலை இயந்திரங்களில் 100க்கு 914 ஆகிய அளவுகள் உண்டு. பழைய இயந்திரத்தில் இவை எதிலும் சேராத ஓர் அளவு இருந்துவிட்டால், மாட்டியிருக்கும் பெல்ட் தேய்ந்த அன்றே அது மூலைக்குப் போய்விடும். ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன் அளவை எழுதிக்கொண்டு பழைய சோனகத் தெருவுக்கு நடந்து போய், ஒவ்வொரு ஹார்ட்வெயார் கடையிலும் கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. 60, 120, 220 ஆகிய மூன்று கிரிட்டிலும் (மணியின் பருமன் எண், எண் கூடக்கூட நயம்) கிடைக்கிறதா, உலோகத்துக்கானதா என்று கேட்க வேண்டும். மரத்துக்கென்று விற்கும் மலிவான பெல்ட் கடினமாக்கிய உருக்கில் விரைவில் மழுங்கும். மழுங்கிய பெல்ட் உருக்கைச் சீவாது, வெறுமனே உரசிச் சூடாக்கும். தோய்ச்சல் போட்ட, அதாவது பழுக்கக் காய்ச்சி அமிழ்த்திக் கடினமாக்கிய, கத்தி அலகைக் கெடுப்பது அந்தச் சூடுதான். செராமிக் மணிகள் பதித்த பெல்ட்டின் விலை கூட, ஆனால் உழைப்பும் அதற்கேற்பக் கூட.

இனி, பார்க்கப் போகும்போது ஒரு இரும்பு ரூலரைக் கையில் கொண்டு போங்கள். பெல்ட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும் தட்டைத் தகட்டின் மேல் ரூலரை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் ஒளி கசிந்தால் தகடு குழிந்திருக்கிறது. அதில் தேய்க்கும் சரிவு நேராக வராது. இந்தக் குறைக்காக இயந்திரத்தை விட்டுவிட வேண்டியதில்லை, தகட்டை மாற்றலாம். விலையைக் குறைக்க இது நல்ல காரணம். உருளைகள் ஆடினால் மட்டும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பெயரிங் போயிருக்கிறது, அது மாற்றக்கூடியது. உருளையே நெளிந்து சுற்றினால் தண்டு வளைந்திருக்கலாம். பிறகு பெல்ட்டை மாட்டிப் பத்து நிமிடமாவது ஓடவிடச் சொல்லுங்கள். பெல்ட் ஓரத்துக்கு வழுகாமல் நடுவில் நிற்க வேண்டும். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு மட்டும் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் காரணம். அது சில்லறைச் செலவு. மோட்டாரின் உடல் மூடியதா என்றும் பாருங்கள். காற்றுத் துளைகள் திறந்திருந்தால் இரும்புத் தூள் உள்ளே போய்ச் சுருளைக் கெடுக்கும். கையில் பிடித்து ஓட்டும் சாண்டரைக் கவிழ்த்து மேசையில் பூட்டிக்கொள்ளச் சொல்பவர்களுக்கும் இதுதான் என் பதில். பிடிக்கான மரத்துக்கு அது போதும். நாள் முழுக்க உருக்கைத் தேய்க்க அது ஆகாது.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். 100 மில்லிமீற்றர் உருளை நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் பெல்ட் வினாடிக்கு ஏறத்தாழ 15 மீற்றர் ஓடும். 1,440 சுற்றானால் அதில் பாதி. புதியவருக்கு அந்தப் பாதி வேகமே வேண்டும். பிழை மெதுவாக நடந்தால் கையை எடுத்துவிடலாம். தோய்ச்சலுக்குப் பின் நொறுங்காதிருக்க 200 பாகை செல்சியஸ் அளவில் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்திய அலகின் விளிம்பு மெல்லியது, நொடிகளில் சூடேறும். அது நீல நிறம் கண்டால் கிட்டத்தட்ட 300 பாகையைத் தொட்டுவிட்டது. அந்த இடத்தில் கடினம் போய்விட்டது, மீண்டும் தோய்ச்சல் போடாமல் திரும்பாது. கையுறை போடாமல் வெறும் விரலால் பிடியுங்கள், பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கட்டும். விரல் தாங்காத சூடு வந்ததும் அலகு தண்ணீருக்குள் போக வேண்டும். துணிக் கையுறை பெல்ட்டில் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொண்டு போகும். சாரமும் வேண்டாம், காற்சட்டை போடுங்கள்.

விறாந்தை நல்ல இடந்தான், காற்று இருக்கிறது. ஆனால் இயந்திரத்தோடு தூசிப்பை இருந்தால் உருக்கைத் தேய்க்கும்போது கழற்றிவிடுங்கள். பைக்குள் மரத்தூள் கிடக்க, மேலே தீப்பொறி விழுந்தால் அது உள்ளே கனன்று, நீங்கள் படுக்கப் போன பிறகு எரியத் தொடங்கலாம். பொறி விழும் இடத்தில் தண்ணீர்ச் சட்டி வையுங்கள். கண்ணாடியும், நுண்தூசியை வடிக்கும் முகக்கவசமும் ஒருநாளும் விடுபடக்கூடாது. துணி முகக்கவசம் போதாது. இயந்திரத்தின் இரும்புச் சட்டம் புவித்தொடுப்போடு இணைந்திருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். ஜப்பானிலிருந்து வருபவற்றில் புவிக் கம்பி தனியாகத் தொங்கும். இங்கே பிளக் மாற்றும்போது அதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வீட்டு ட்ரிப் சுவிட்சையும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக ஒரு இயந்திரம் கண்ணில் பட்டால், வோல்ட், ஹெர்ட்ஸ் பொறித்த தகட்டின் படத்தையும் பெல்ட்டின் அகலம், சுற்றளவையும் அனுப்புங்கள். பார்த்து அன்றே எழுதுகிறேன். அதுவரை அரத்தை விடாதீர்கள். சரிவின் கோணம் உங்கள் கைக்கு முழுதாகப் பிடிபடட்டும்.

அன்புடன்.